அப்பாவின் அறைக்கு வந்த ஷவர்

என் பிரியத்துக்குரிய அப்பா,

உங்கள் அறையை ஒட்டிய கழிப்பறையில் ஷவர் வைத்துவிட்டோம். நேற்று அம்மா அதில் குளித்தார். இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மழைக்காலத்தில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, இப்போது உங்கள் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். பெரிய குளியலறைக் கதவுக்குள் அந்த நாற்காலி நுழையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? பக்கவாதம் வந்த பிறகு உங்களைக் கட்டிலிலேயே வைத்து ஈரத்துண்டால் துடைத்துவிட்டது அம்மாதானே. ஒவ்வொரு முறையும் நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டார்: "உங்கப்பாவாட்டம் என்னையும் தொடச்சுத் தொடச்சு வெச்சிராத சாமி. தண்ணி ஊத்திக் குளிக்கோணும். நானே குளிக்கோணும்."

உங்கள் கழிப்பறைக்குள் நாற்காலி போகும். குளிக்கிற தண்ணீர் வெளியே போகத்தான் வழியில்லை. உங்களுக்காக வந்த அதே பிளம்பரைக் கூப்பிட்டேன். "மேடு கட்டி, தண்ணி ஓட வாட்டம் குடுத்தா படி வந்துருங்க, சேர் ஏறாது. இல்லீன்னா தரையத் தொளச்சு, கீழ் ஊட்டு பாத்ரூம் சீலிங்குக்கு அடியில பைப்ப ஓட்டோணும். அவங்க ஒத்துக்கோணுங்க" என்று அன்று உங்களிடம் சொன்னதையே சொன்னார்.

அன்று நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். ஒரு பக்கம் இழுத்த வாயோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள்: "கீழ பாய் ஊட்டுல புள்ளைக்கு நிக்கா. இப்பத்தான் ஊடெல்லாம் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. முடியட்டும்." கேட்டால் பாய் மறுக்க மாட்டார், அதனாலேயே கேட்கக் கூடாது என்றீர்கள். நம் பக்கத்து மனிதர்கள் அப்படித்தானே? இல்லையென்று சொல்லத் தெரியாதவரிடம் வாய் திறக்கத்தான் நமக்கு அதிகம் கூசும். நிக்காவுக்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த முறை நான் படியிறங்கிப் போனேன். பாய் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கு எதுக்கும்மா தயங்குறே? நாளைக்கே ஆளை வரச் சொல்லு" என்றார்.

அவர் மனைவி சிரித்தார். "இவருக்குக் கழுத்து வலி. நிமிர்ந்தே பார்க்க மாட்டாரு. மேல பைப் போட்டாலும் தெரியாது, பந்தல் போட்டாலும் தெரியாது."

அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் நானும் சொல்லிவிட்டேன் அப்பா, அன்று நீங்கள் ஏன் வேண்டாமென்றீர்கள் என்பதை.

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். "கல்யாணத்துக்கு வந்தவன் எவனாச்சும் பாத்ரூம்ல அண்ணாந்து பார்ப்பானாம்மா?" என்றார். பிறகு, "தினமும் வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லலையே மனுசன்" என்றார்.

அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா அப்பா?

நேற்று அம்மா நாற்காலியோடு உள்ளே போய், கதவைத் தானே சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதுமே பாயிடமிருந்து போன். ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்த்தாராம். "ஒரு சொட்டு ஒழுகலம்மா. அக்காவை நல்லாக் குளிக்கச் சொல்லு."

அம்மா வெகுநேரம் குளித்தார். நடுவில் அழுகையும் கேட்டது. கைப்பிடியில் கை வைத்தேன், திறக்கவில்லை. வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கப்பாரு மேல தண்ணி உழுந்தது, உசுரு போனதுக்கப்பறந்தான்."

நான் ஈரத்துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன்.

அப்பா, இனி அம்மாவுக்கு வேண்டியதை, வேண்டிய அன்றே போய்க் கேட்பேன். மறுக்க மாட்டார்கள் என்பதற்காகக் கேட்காமல் இருக்க மாட்டேன். இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் கேட்பேன்.

உங்களைப் போலவே கூச்சம் நிறைந்த,
உங்கள் மகள்