வேருக்குப் போர்த்திய வைக்கோல்

உல்விக், நார்வே
மே 6, 1957

அன்புள்ள டொர்லைவ் அவர்களுக்கு,

இங்கு நானும் ஆடுகளும் நலம். நான் ஒரு வார்த்தை சொன்னேன் என்று முறுக்கிக்கொண்டு பெர்கன் கப்பல்பட்டறைக்குப் போனவருக்கு, நலமா என்று எழுத ஒரு தாள்கூடவா அங்கே கிடைக்கவில்லை?

பனி உருகிவிட்டது. போவதற்கு முன் நீங்கள் ஆப்பிள் மரங்களின் அடியில் குவித்த வைக்கோலை நேற்று விலக்கினேன். வேருக்குக் குளிருமாம், போர்வையாம். ஏதோ பட்டணத்துப் பத்திரிகையில் படித்த மேதாவித்தனம். அடிமரத்தை ஒட்டிப் போடாதீர்கள், எலி குடியேறும் என்று தொண்டை வறளச் சொன்னேன். குடியேறியது. குளிர்காலம் முழுக்க உங்கள் போர்வைக்குள் சொகுசாகப் படுத்துக்கொண்டு, கீழ்ச்சரிவு மரங்களின் பட்டையைச் சுற்றிலும் வளையமாகத் தின்று தீர்த்திருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து ஷூர் வந்து பார்த்தார். "மொட்டெல்லாம் நல்லாத்தானே விரியுது, மரத்துக்கு ஒண்ணும் ஆகல, போம்மா" என்றார். நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை, அதுவும் பாதி. தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறுகிறது, அதனால் இலை விடுகிறது. ஆனால் இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தானே வேருக்கு இறங்க வேண்டும்? அந்த வழி அறுந்துவிட்டது. மேலே பூத்துக் குலுங்கும்போதே கீழே வேர் பட்டினியில் சாகும். அடுத்த வருடம் எல்லாம் விறகு. அந்த மரங்கள் போனால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

உணவு இறங்க, அறுந்த பட்டைக்குக் குறுக்கே குச்சியால் பாலம் வைத்து ஒட்டுவது ஒன்றுதான் வழி. ஒட்டுக்கட்டுவதற்காகக் குளிர்காலத்தில் நான் வெட்டிய ஆப்பிள் குச்சிகள் நிலவறையில் ஈர மணலில் இருக்கின்றன. இரு முனையும் சீவி, காயத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகி ஆணி அடிக்க வேண்டும். பட்டை லேசாகக் கழன்று கொடுக்கும் இந்த மாதத்தில்தான் அது முடியும். ஒற்றை ஆளாக முடியாது. ஷூரைக் கூப்பிட்டால் குச்சியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவார். உங்களுக்கும் பெரிய சாமர்த்தியம் கிடையாது. கத்தி பிடித்தால் கை நடுங்காது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

"வைக்கோல் போட்ட புத்திசாலி யாரு?" என்று ஷூர் கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆகையால் நீங்கள் படகுத்துறையில் தலை நிமிர்ந்தே இறங்கலாம். சனிக்கிழமைக் கப்பலில் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
குத்வெய்