நெடுந்தீவுக்கு மூன்றாவது ஆள்

2003 பங்குனி 9, ஞாயிறு. நாச்சிக்குடா.

நெடுந்தீவிலிருக்கும் அக்காவைப் பார்த்துப் பத்து வருடமாகிறது. இப்போது போர்நிறுத்தம்; இயக்கம், கடற்படை என்று இரண்டு பக்கத்து அனுமதியும் கிடைத்துவிட்டது. வியாழன் விடிய என் சின்னப் பாய்வள்ளத்தில் போவதென்று கூட்டாளி சூசையும் நானும் முடிவு செய்தோம். கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று இருந்தால் மதியத்துக்குள் வழியிலுள்ள இரணைதீவு. இரவு அங்கே தங்கி, அடுத்த நாள் நெடுந்தீவு.

பின்னேரம் கடற்கரையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மனைவி மேரி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"வள்ளத்திலை எத்தினை பேர் போகலாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்தான்" என்று சொல்லிவிட்டேன். சூசை என் முகத்தைப் பார்த்தான். அதில் நாலு பேர் தாராளமாகப் போகலாம்.

சண்டைக்காலத்தில் ஓரிரவு கிளாலிக் கடலேரியைக் கடந்தபோது, பயந்து நின்ற மேரியையும் அவளுடைய தம்பியையும் நான்தான் வற்புறுத்திப் படகில் ஏற்றினேன். கடற்படை சுட்டதில் தம்பி கரை சேரவில்லை. அதன்பிறகு அவள் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதுமில்லை.

பொழுதுபடச் சூசை போனபிறகு, கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளத்துக்குள் அவள் ஏறி இருந்தாள். குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நாலு பேர் இருக்கலாம் போலை கிடக்கு."

"ஓம்" என்றேன்.

"அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?"

நான் வள்ளத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

"நானும் வாறன். பயம் போகேல்லை. ஆனா வாறன்" என்றாள்.

இப்போது அவள் நித்திரை. நான் தாளில் வள்ளத்தைத் திரும்பத் திரும்பக் கீறிப் பார்க்கிறேன். அவளை எங்கே இருத்துவது? பாய்மரத்தடியில் என்றால் நனைய மாட்டாள். நான் பிடிக்கும் சுக்கானுக்குப் பக்கத்தில் என்றால் முழுக்க நனைவாள், ஆனால் என் கைக்கு எட்டுவாள்.