கரீபியன் போன ருக்மிணி

டிசம்பர் 19, வெள்ளி
ருக்மிணி குடும்பத்தோடு கரீபியன் போகிறாளாம். காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, தயிர் வாங்கப் போவதைப்போலச் சொன்னாள். "பீச், சாப்பாடு, பழைய கோட்டை. அஞ்சு நாள்தான்டி."
நல்லது என்றேன். எந்தத் தீவு என்று கேட்கவில்லை.
கடல் தாண்டிப் போகிறாள் என்றால் — கிரீன் கார்டு வந்துவிட்டதா?

டிசம்பர் 20
கோவையில் ஒரே வகுப்பு. இங்கே ஒரே மாதத்தில் விண்ணப்பித்தோம். பதிமூன்று வருடமாக ஒரே வரிசை. என் பாஸ்போர்ட்டில் விசா முடிந்து ஆறு வருடம்; இங்கேயே இருக்கலாம், வெளியே போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். நாட்டைவிட்டுப் போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில் அம்மாவைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. இவள் பீச்சுக்குப் போகிறாள்.
"வந்திருந்தா சொல்லியிருப்பா," என்கிறார் இவர். சொல்வாளா? கண் பட்டுவிடும் என்று மறைப்பவர்களை நான் பார்த்ததில்லையா?

டிசம்பர் 26
வாட்ஸ்அப் குழுவில் படங்கள். கோட்டைச் சுவர். நீல நிறக் கற்கள் பாவிய தெரு. வாழைக்காயைப் பூண்டோடு இடித்து உருட்டிய ஏதோ ஒன்று. தென்னை மரத்தடியில் தொப்பியோடு ருக்மிணி. காமாக்ஷி பத்து இதயம் போட்டிருக்கிறாள். அவளும் எங்கள் வரிசையில் நிற்பவள்தான். நான் ஒன்றும் போடவில்லை.
அந்த வாழைக்காயில் எண்ணெய் அதிகம்.

டிசம்பர் 27
மறுபடி பார்த்தேன். நான்கு முறை.

ஜனவரி 3, சனி
ஐசலினில், நம்ம ஊர்க் கடைகள் இருக்கும் தெருவில், சாப்பிடக் கூப்பிட்டாள். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். தோசை வருவதற்குள் கேட்டுவிட்டேன். "கார்டு வந்ததை எங்கிட்டகூடச் சொல்லலியேடி."
"எந்தக் கார்டு?"
"அப்புறம் எப்படி வெளிநாடு போனே?"
அவள் சிரித்ததில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. "அடிப்பாவி! போர்ட்டோ ரிக்கோடி! அதுவும் அமெரிக்காதான். விசா யாரு கேக்கறா? லைசென்ஸைக் காட்டி ஃப்ளைட் ஏறினோம்." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா காரியத்துக்கே போக முடியல. தென்னை மரத்தையாவது பாத்துட்டு வரலாம்னு தோணிச்சு."
அவள் அப்பா ஜூலையில் போனார். நான் ஒரே ஒரு தடவை ஃபோன் செய்தேன்.
முதலில் வந்தது நிம்மதி — அவளுக்கும் வரவில்லை. அதற்கப்புறம்தான் அவள் அப்பா. என்ன ஜென்மம் நான்?

ஜனவரி 4
ருக்மிணிக்கு ஃபோன் செய்தேன். அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, சான் ஹுவான், போர்ட்டோ ரிக்கோ
வாழைக்காயில் எண்ணெய் அதிகமில்லை. இன்னொரு தட்டு வாங்கினோம். கோட்டைமேல் இவர் எடுத்த படத்தைக் குழுவில் போட்டேன். ஊர்ப்பெயர் எழுதவில்லை.
பத்து நிமிடத்தில் காமாக்ஷி: "வாவ், கரீபியனா? உங்களுக்கும் கார்டு வந்துடுச்சா? சொல்லவே இல்ல!"
உடனே ருக்மிணி, எனக்கு மட்டும்: "ரெண்டு நாள் வாயத் தொறக்காதடி."
ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடலில் இறங்கினேன்.