மாதாவுக்காகப் பூசிய சுவர்

ஒக்டோபர் 4, சனி

அரிசி கழுவிக்கொண்டு நிற்கிறேன், இடி விழுந்த மாதிரிச் சத்தம். தெருக்கோடியில் இருக்கும் நாலுமாடிக் குடியிருப்பின் பின்மூலை அப்படியே சரிந்துவிட்டது. காயம்தான், சாவு இல்லை. மாதாவே, நன்றி. ஆனால் அதையும் எங்கள் கட்டடத்தையும் கட்டியது ஒரே ஆள், ஒரே காலத்தில். பின்னேரம் முழுக்க எங்கள் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். லெஸ்லி சிரித்தார். கட்டின மனிசி சொல்லை எந்த மனிசன் கேட்டிருக்கிறான்?

ஒக்டோபர் 5

பூசை முடிந்து நேரே கீழ்வீட்டு மரியம்மா அன்ரியிடம் போனேன். அவருடைய முன்னறைச் சுவரில், மேலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு வெடிப்பு. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது.

"உது எப்ப தொடக்கம் அன்ரி?"

"கோடைக்கு முதல் தலைமயிர் மாதிரி இருந்தது பிள்ளை. இப்ப கொஞ்சம் வாயைத் திறந்திட்டுது."

எனக்குப் பயமா, சந்தோசமா? இரண்டும்தான், பொய் சொல்வானேன். "கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை" என்று எல்லோருக்கும் சொல்லித் திரியும் மனேச்சர் இனி என்ன சொல்வார்?

அன்ரிக்குத்தான் விருப்பமில்லை. "ஆக்களைக் கூப்பிட்டு, அவங்கள் எழும்பச் சொன்னால் நான் எங்கை போறது? அந்தச் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டை விட்டு வந்த நாள் தொடக்கம் இதுதான் என்ரை வீடு."

ஒக்டோபர் 6

நகரசபைக்குப் போன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வருகிறார்! கதவு கதவாகத் தட்டிச் சொன்னேன். லிஃப்ட் பழுது என்பதுகூட உறைக்கவில்லை.

ஒக்டோபர் 8

நான் எந்தச் சுவரில் போய் முட்ட?

நேற்று செபமாலை மாதா திருநாள். இந்த மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். நேற்று அன்ரி வீட்டு முறை. வேலை முடிந்து நேரே போனேன். வெடிப்பைக் காணவில்லை. சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. செபமாலை முழுக்க மாதாவைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசியது யார்? என் மனிசன்!

"மாதா வாற வீடு. வெடிச்ச சுவரோடை விடுறதே?"

"எஞ்சினியருக்கு நான் எதைக் காட்டுவன்?"

"அவரும் விருந்தாளிதானே அன்ரனெற். வடிவாப் பாத்திட்டுப் போகட்டும்."

ஐயோ, இந்த மனிசனை வச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையே. அன்ரி மட்டும் நிம்மதியாக வடை பரிமாறினார்.

ஒக்டோபர் 10

எழுதாமல் இருக்க முடியவில்லை.

எஞ்சினியர் டோர்ச் அடித்துப் பார்த்தார். புதுப் பெயின்றின் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு. எப்போது அடித்தது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை என்றார் லெஸ்லி, பிடிபட்ட கள்ளனைப் போல. எஞ்சினியரின் முகம் மாறிவிட்டது. பழைய வெடிப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கலாமாம். மூன்று நாளைக்கு முன் பூசியது இன்று பிளந்தால், சுவர் இப்போதும் அசைகிறதாம். கீழே பார்க்கிங்கில் தூணைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். பொழுதுபட முன் எல்லோரும் வெளியே.

நான் சொன்னது சரி. சரி, சரி, சரி! மனேச்சரின் வாய்க்குள் ஈ போனாலும் அவருக்குத் தெரிந்திராது.

அன்ரி கதிரையைப் பிடித்துக்கொண்டு வெளிக்கிட மாட்டேன் என்றார். நானும் லெஸ்லியும் இரண்டு பக்கமும் பிடித்துப் படியால் இறக்கினோம். வாசலில் என் கையை உதறிவிட்டார்.

"உனக்குச் சந்தோசமோ? என்ரை வீட்டைப் பறிச்சுப்போட்டாய். இனி என்னோடை கதையாதை."

ஒக்டோபர் 11

மாதா கோயில் மண்டபத்தில் பாயும் கம்பளியும் தந்திருக்கிறார்கள். அன்ரிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒக்டோபர் 13

தேங்ஸ்கிவிங், இந்த நாட்டு நன்றித் திருநாள். யாரோ வான்கோழி கொண்டுவந்தார்கள், யாரோ புட்டும் இறைச்சிக்கறியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லெஸ்லி ஓடிவந்தார். எங்கள் பின்மூலை விழுந்துவிட்டது. முட்டுக்கொடுக்க ஆட்கள் வர முன்னமே. உள்ளே ஒருவரும் இல்லை.

போனில் படம் காட்டினார். அன்ரியின் முன்னறை இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. அதற்கு மேலே எங்களுடையதும் இல்லை. நான் அழுதேன். ஒருவரும் சாகவில்லை என்று சிரிப்பும் வந்தது.

அன்ரி போனை வாங்கிக் கனநேரம் பார்த்தார். திருப்பித் தந்தார். விளக்கு அணைக்கிற நேரம், தன் பாயை இழுத்துக்கொண்டு வந்து என் பாய்க்குப் பக்கத்தில் போட்டார்.

"தள்ளிப் படு பிள்ளை."