ம.வின் வலது முட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். ஒரகடம் சாலையில் லாரி நெரிசல், பல்கலைக்கழகத்துக்குத் தாமதம். ஆலோசனை அறையின் மின்விசிறி இன்னும் சரியாகவில்லை. மறுபடி சொல்லக் கூச்சம்.

ம. வந்தாள். (மாணவர் பெயர் எழுதுவதில்லை.) நானூறு மீட்டர் ஓடுபவள். வலது முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். வெளியே டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். ஓடவே கூடாது என்றாராம். கோச்சிடம் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லி ஒரு மாதமாக ஒதுங்கி நிற்கிறாள். உண்மை தெரிந்தால் விளையாட்டு விடுதியில் இடம் போய்விடும் என்று பயம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். கம்பெனில, அது லைன்ல வேல செய்ற எல்லார்கிட்டயும் எம் பொண்ணு ஓடுது ஓடுதுன்னு சொல்லிக்கினு கீது."

சொல்லமாட்டேன் என்றேன். சமூகப்பணி வகுப்பில் வருடாவருடம் நான் நடத்திய முதல் பாடம்: அறையில் கேட்டது அறையோடு.

ஆகஸ்ட் 6, புதன்

வாங்க: பி.பி. மாத்திரை, மின்விசிறிக்கு ரெகுலேட்டர் (நானே).

ம.வின் அம்மா வந்தார், சொல்லாமல். நைட் ஷிப்ட் முடிந்து நேராக. கம்பெனி யூனிபார்ம், கையில் ஷூ டப்பா. லைன் பெண்கள் சேர்ந்து வாங்கியது.

"எம் பொண்ணு எப்டி கீது சார்? ஒழுங்கா ஓடுதா?"

"நல்லா இருக்காம்மா."

என் முகத்தையே பார்த்தார். நான் மேசைமேல் பேனாவை நேராக வைத்தேன்.

பிறகு மைதானம். ம. புது ஷூவில். "ஒரு ரவுண்டு ஓடிக் காட்டறேம்மா."

"வேணாம், வெயிலா கீது."

"சும்மா இரும்மா, நீ வேற!"

அம்மா மறுபடி என்னைப் பார்த்தார். வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

வளைவுவரை நன்றாகத்தான் ஓடினாள். அங்கே விழுந்தாள்.

உடலுக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தையும் நான்தான் நடத்தினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்தாலும் போட்டிகளில் ஓடுவது சந்தேகமாம். ம. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வராந்தாவில் அவள் அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

"பிராக்டீஸ் முடிச்ச கையோட போன் பண்ணும் சார். மூச்சு வாங்கிகினே பேசும். ஒரு மாசமா மூச்சு வாங்கல. அதான் ஓவர்டைம் வேணான்னுட்டு உங்களக் கேக்க வந்தேன்."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சவரு, நல்லா இருக்கான்னீங்க. சரி, நமக்குத்தான் புத்தி கோணலாப் போவுதுன்னு வுட்டுட்டேன்."