வெற்றிலை போட்ட உதடு

ஆத்தாவுக்கு சிகப்பி வணங்கி எழுதுவது. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு விரல் நகம். அதைச் சொல்லுமுன், உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்துவந்தவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் தரை கூட்டிக்கொண்டிருந்த என்னை டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் நிறுத்தினார். மூக்கை மூடிய துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.

"உதடு நீலமானா மூச்சு குறையுதுன்னு அர்த்தம், உடனே சொல்லு" என்றார்.

"இது வாயே திறக்காத பிள்ளை லா, டாக்டர்" என்று புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெசர் பசுபதி அண்ணன் சிரித்தார்.

நேற்று திகாம் பத்து ஊரிலிருந்து வந்த கருப்பாயி அக்காவுக்குக் காலில் புண் அறுத்தார்கள். உதடு சிவப்பாகவே இருந்தது. ஆனால் நகம் நீலமாகிக்கொண்டே வந்தது. உதட்டில் இருந்தது வெற்றிலைச் சாயம் என்று அப்போதுதான் புரிந்தது.

"நிறுத்துங்க டாக்டர்!" என்று கத்திவிட்டு, துணியை எடுத்து, டாக்டர் முன்பே காட்டியிருந்தபடி தாடையைத் தூக்கிப் பிடித்தேன். அக்கா இழுத்து மூச்சுவிட்டார். பயப்படாதீர்கள், இன்று கஞ்சி குடித்துவிட்டு என்னிடமே வெற்றிலை கேட்கிறார்.

"இனிமே இந்த வேலை உனக்குத்தான்" என்றார் டாக்டர். நான் நன்றாகவே செய்வேன், ஆத்தா.

இந்தக் கடிதம் கொண்டுவரும் லூனாஸ் வண்டி இங்கே திரும்பும்போது போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சீலை ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

இவ்வளவு எழுதியிருந்தபோது அடுத்த நோயாளிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அவர் வாயும் சிவந்திருந்தது. ஈதர் புட்டியைத் தொடுமுன், ஈரத்துணியால் அவர் உதட்டை அழுத்தித் துடைத்தேன்.

உங்கள் மகள்,
சிகப்பி