கேட்காமல் பகிர்ந்த பாட்டுகள்

7 ஜூன், வெள்ளி

இன்றும் பாராட்டு மழைதான். எங்கள் சுபாங் ஜெயா ஆபீஸில் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு மூன்று பாட்டு குரூப்பில் போட வேண்டும்: கர்நாடக இசை ஒன்று, எலக்ட்ரானிக் ஒன்று, பாப் ஒன்று. கூடவே ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரி. ஜீவன் ஆரம்பித்து வைத்த பழக்கம். என் வரிகளுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று டீனா சொன்னாள்.

என் வரிகளாம். எல்லாம் அமுதா அக்காவுடையவை. ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பாட்டின் லிங்க்கையும், அதைப் பற்றிப் பேசிய குரல் பதிவையும் எனக்கு அனுப்புவாள். நான் அதை எழுத்தாக்கி என் பெயரில் போட்டுவிடுகிறேன். மூன்று மாதமாக. அக்கா என்ன, இந்தக் குரூப்பிலா இருக்கிறாள்?

14 ஜூன், வெள்ளி

இன்று எலக்ட்ரானிக் பாட்டுக்குப் போட்டது: "இதில் பாடுகிறவர் யாருமில்லை. மெஷினை நிறுத்திய பிறகும் காதுக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான் இது."

ஜீவன் மேசைக்கே வந்துவிட்டான். எந்த மெஷின் என்று கேட்டான். திருதிருவென்று விழித்துவிட்டு, நம் ஆபீஸ் போட்டோஸ்டேட் மெஷின்தான் என்றேன். நம்பிவிட்டான். உனக்கு நல்ல ரசனை என்றான். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

22 ஜூன், சனி

எப்படி எழுதுவது இதை —

அக்கா புடவை எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் வந்திருந்தாள். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஜீவனும் டீனாவும் அதே கடைக்குள் நுழைந்து, எங்களைப் பார்த்ததும் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்கள். இவள் என் அக்கா என்றேன். அவ்வளவுதான், ஜீவன் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, உங்க தங்கச்சி எழுதறத படிச்சிருக்கீங்களா? அந்த வீணை நல்லா அழுதுட்டு, நடுவுல மூக்கத் தொடச்சிட்டு நிமிந்து உக்காருதாம். சூப்பர் லா."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

நீங்கள் என்ன பாட்டுக் கேட்பீர்கள் என்று டீனா அவளிடம் கேட்டாள்.

"நான் பாட்டெல்லாம் கேக்கறதில்லமா."

என்னைக் காப்பாற்றுவதற்காக. எனக்காக. சீ, நான் என்ன ஜென்மம்? அவ வாயாலேயே அப்படிச் சொல்ல வச்சிட்டேனே.

23 ஜூன், ஞாயிறு

போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அக்கா திட்டவில்லை. வரிகளை எடுத்ததுகூடப் பரவாயில்லை என்றாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"நான் அனுப்புனதுல உனக்கு எது பிடிச்சிச்சி?"

எல்லாமே என்று இழுத்தேன். ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. அவள் பேசியதை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். இதை இங்கே எழுதக்கூடக் கூசுகிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சரி வச்சிடறேன் என்று வைத்துவிட்டாள்.

27 ஜூன், வியாழன்

நான்கு நாளாக அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

28 ஜூன், வெள்ளி

குரூப்பில் உண்மையைப் போட்டுவிட்டேன். வரிகள் என்னுடையவை அல்ல, அக்காவுடையவை. பாட்டுகளை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. டீனா "ஓ" என்று ஓரெழுத்துப் போட்டாள். ஜீவன் அதுவும் இல்லை. மதியம் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் மட்டும் எந்த முகத்தோடு போயிருப்பேன்?

6 ஜூலை, சனி

கமியூட்டரில் ரவாங் கிளம்பினேன். அக்கா வரச் சொல்லவில்லை. ரயிலில் அந்த வீணையைப் போட்டேன். பதினெட்டு நிமிடம். பாதியில் நிறுத்தக் கை போனது, நிறுத்தவில்லை.

எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே அழுகிறது, எங்கே நிமிர்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அதை அப்படியே அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். பயமாகத்தான் இருந்தது.

சுங்கை பூலோ ஸ்டேஷனில் பதில் வந்தது. "ஏன் பிடிக்கல?"

மறுபடி முதலிலிருந்து போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன். ரவாங்கில் கதவு திறந்தபோதும் எழுதி முடித்திருக்கவில்லை.